சதுரங்க டீச்சர் பதில்கள்: 14 நகர்த்தலில் முடிந்த ஆட்டம்

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 12 வயது. போன மாதம் ஒரு போட்டியில் 6 சுற்று முடிந்தபோது 5 புள்ளி வைத்திருந்தான். கடைசிச் சுற்றில் முதல் மேசை. எதிரே ஐந்தரைப் புள்ளிக்காரப் பையன், அவனுக்கு ரேட்டிங்கும் (ஆட்டத் தரப்புள்ளி) அதிகம். என் மகனுக்குக் கருப்புக் காய். ஜெயித்திருந்தால் கோப்பைக்கே வாய்ப்பு இருந்தது. கால் மணி நேரத்தில் வெளியே வந்து, "டிராப்பா" என்றான். மொத்தம் 14 நகர்த்தல்! பக்கத்தில் நின்ற ஒருவர், "பேசி வெச்சுக்கிட்டாங்க போல" என்று சிரித்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. வீடு வரும்வரை காரில் அவனோடு பேசவில்லை. நான்காம் இடம்தான் கிடைத்தது. குகேஷ் சிங்கப்பூரில் டிரா ஆகவேண்டிய ஆட்டத்தை விடாமல் ஆடி உலகப் பட்டம் வாங்கினாரே, இவன் ஏன் ஆடவில்லை? எனக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. அவன் எழுதிய ஸ்கோர் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.
(ஒரு தந்தை, செந்தூல்)

பதில்: ஐயா, கடிதம் கிடைத்த அன்று மாலையே பலகையை எடுத்துவிட்டேன். என் பலகையில் ஒரு வெள்ளைச் சிப்பாய் காணாமல் போய் பல வருடம் ஆகிறது. அதன் இடத்தில் ஒரு தைல பாட்டில் மூடி நிற்கிறது. மூடியையும் சேர்த்து அடுக்கி, உங்கள் மகன் எழுதியபடி ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஆறாவது நகர்த்தலிலேயே வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் 14 வரை போனேன், தாளில் வேறு ஏதாவது இருக்குமா என்று பார்க்க. இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளை ஆடியது ஸ்பானிஷ் தொடக்கம். 1561-ல் சதுரங்கப் புத்தகம் எழுதிய ரூய் லோபஸ் என்ற ஸ்பெயின் பாதிரியாரின் பெயராலும் அதைச் சொல்வார்கள். இருவரும் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். ஆளுக்கொரு குதிரை வெளியே வருகிறது. வெள்ளை மந்திரி (குறுக்காகப் போகும் காய்) பி5-க்கு வந்து கருப்புக் குதிரையை முறைக்கிறது. (பி5 என்பது கட்டத்தின் பெயர்: ஏ முதல் எச் வரை ஓர் எழுத்து, 1 முதல் 8 வரை ஓர் எண்.) அந்த முறைப்பைச் சட்டை செய்யாமல் கருப்பு தன் இன்னொரு குதிரையை எஃப்6-ல் கொண்டுவந்து வைத்தால் அது பெர்லின் தடுப்பாட்டம்.

பழைய தொடக்கம்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆடியிருக்கிறார்கள். பிறகு பெரிய ஆட்டக்காரர்கள் அதை அவ்வளவாகத் தொடவில்லை. 2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் விளாடிமிர் கிராம்னிக் அதைத் தூசி தட்டி, பட்டம் வைத்திருந்த காஸ்பரோவ் முன்னால் வைத்தார். காஸ்பரோவ் நான்கு முறை முட்டிப் பார்த்தார், நான்கும் டிரா. 15 ஆட்டம் ஆடி, ஒன்றில்கூட ஜெயிக்காமல், ஆறரைக்கு எட்டரை என்று பட்டத்தை இழந்தார். அன்றிலிருந்து அதற்குப் பெர்லின் சுவர் என்று பெயர்.

ஆனால் உங்கள் மகன் ஆடியது அந்தச் சுவர் அல்ல, அதே வீட்டின் கொல்லைப்புறக் கதவு. ஆறாவது நகர்த்தலில் வெள்ளைக்கு இரண்டு வழி. மந்திரியால் சி6 குதிரையை வெட்டினால் கொஞ்ச நேரத்தில் ராணிக்கு ராணி மாறி, கருப்பு ராஜா காஸ்லிங் (ராஜாவை யானையோடு ஓரத்துக்கு நகர்த்திப் பத்திரப்படுத்துவது) உரிமையை இழந்து, மணிக்கணக்கில் இழுக்கும் ஆட்டம் வரும். அதுதான் சுவர். சிப்பாயால் ஈ5-ஐ வெட்டினால் கொல்லைப்புறம். கருப்புக் குதிரை மந்திரியை வெட்டும். வெள்ளை ஏ4 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டும். குதிரை டி4-க்கு ஓடும். அங்கே குதிரைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கடைசியில் வெள்ளை ராணி நடுப்பலகையில் டி4-ல் வந்து உட்காரும், கருப்பு ராணி டி6-ல் எதிரே நிற்கும். 10 நகர்த்தல் முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். ஆளுக்கு 6 சிப்பாய், 2 யானை, 1 ராணி. வெள்ளையிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும், கருப்பிடம் இரண்டு மந்திரிகள். வெள்ளை ராஜா ஓரத்தில் பத்திரமாக இருக்கிறது, கருப்பு ராஜா இன்னும் நடுவாசலில் நிற்கிறது.

அடுத்ததுதான் உங்களைக் கோபப்படுத்திய இடம். வெள்ளை ராணி ஈ4-ல் செக் சொல்கிறது. கருப்பு ராணி ஈ6-க்கு வந்து குறுக்கே நிற்கிறது. வெள்ளை ராணி டி4-க்குத் திரும்பிப் போகிறது. கருப்பு ராணியும் டி6-க்குத் திரும்பிப் போகிறது. மறுபடியும் செக், மறுபடியும் குறுக்கே, மறுபடியும் திரும்பல். கல்யாண வீட்டு ஊஞ்சல் மாதிரி. ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் கை குலுக்கிவிட்டார்கள்.

"விடாமல் ஆடியிருக்கக் கூடாதா?" என்கிறீர்கள். சரி, ஆடிப் பார்ப்போம். 12-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி டி4-க்குத் திரும்பியதும், உங்கள் மகன் கோப்பையை நினைத்துக்கொண்டு ராணியை ஈ6-லேயே விட்டுவிட்டு வேறு காயை நகர்த்தியிருந்தால்? வெள்ளை முதலில் தன் மந்திரியை டி2-ல் வைத்து ஈ1-க்குக் காவல் போடும். ராணி அப்போதும் அங்கேயே இருந்தால், வெள்ளை யானை எஃப்1-லிருந்து ஒரே ஒரு கட்டம் தள்ளி ஈ1-ல் நிற்கும். அந்த நேர்கோட்டில் மேலே கருப்பு ராணி, அதன் முதுகுக்குப் பின்னால் கருப்பு ராஜா. ராணி கோட்டைவிட்டு விலக முடியாது, விலகினால் ராஜாவுக்கு அடி. ராணி போய்விடும், பதிலுக்கு ஒரு யானைதான் கிடைக்கும். அதற்குப் பயந்து ராணியை வேறு மூலைக்குக் கொண்டுபோனால் அதே யானை செக் சொல்லிக்கொண்டே உள்ளே வரும். பிழைக்கலாம். ஆனால் ஜெயிக்க வேண்டியவன், தானாகவே தற்காப்புக்கு இறங்கிய மாதிரி ஆகும்.

ஊஞ்சலை நிறுத்த வெள்ளையால் முடியும். ராணிக்கு ராணி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு கருப்பின் இரண்டு மந்திரிகள் திறந்த பலகையில் நன்றாக ஓடும். அந்தப் பையனுக்கு அரைப் புள்ளி போதும். அவன் ஏன் நிறுத்தப் போகிறான்?

குகேஷ் கதை வேறு. 2024 டிசம்பர் 12 அன்று, 14-ஆவது ஆட்டத்தை நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரிக் ஆறிப்போக போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் ஒரு சிப்பாய் கூடுதல். யானை, மந்திரி எல்லாம் பலகையில் இருந்தன. டிரா ஆகும் நிலைதான். ஆனால் தொடர்ந்து ஆடுவதால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, தவறு செய்யக்கூடியவர் எதிரே இருந்த, அதுவரை பட்டம் வைத்திருந்த டிங் லிரன்தான். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்தார். யானையும் மந்திரியும் மாறி, வெறும் சிப்பாய் ஆட்டமாகி, முடிந்தது. கடைக்காரத் தம்பி, "ஏன் டீச்சர் கத்துறீங்க?" என்றான். உங்கள் மகனிடம் அப்படி இலவசமாக முயற்சி செய்ய ஒன்றும் இல்லை. அவன் முயற்சிக்கு விலை ஒரு ராணி.

பேசி வைத்துக்கொண்டார்களா என்று சிரித்தவரைப் பற்றி. பேசி வைத்து ஆடுவது விதிப்படி குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த 14 நகர்த்தல்களைப் பெரிய கிராண்ட்மாஸ்டர்களே அச்சுப்பிசகாமல் பல தடவை ஆடியிருக்கிறார்கள். 2005-ல் பல்கேரியாவின் சோஃபியா நகரப் போட்டியில், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் டிரா பேசிக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்தார்கள். வேறு சில போட்டிகளில் இத்தனை நகர்த்தலுக்கு முன் டிரா கேட்கக் கூடாது என்பார்கள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் இந்த விதிகள் எதுவும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கு இந்தக் கொல்லைப்புறக் கதவு இவ்வளவு பிடித்திருக்கிறது. பாதை எல்லோருக்கும் தெரிந்தது. அதில் இரண்டு பேர் நடந்தால் கூட்டுச் சதி என்று அர்த்தமில்லை.

இப்போது தாளுக்கு வருகிறேன். உங்கள் மகனின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. (என் வகுப்பில் இப்படி எழுதிய பையன்கள் மிகக் குறைவு.) 11-ஆவது நகர்த்தல் வரை ஒரே சீர். 12-ஆவதில், கருப்புக்கான கட்டத்தில், எழுத்துக்கு முன்னால் ஒரு மைப் புள்ளி ஊறிப் பரவியிருக்கிறது. பேனா முனையைத் தாளில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறான். மனப்பாடமாக ஒப்பிக்கிறவன் பேனா நிற்காது. முன்கூட்டிப் பேசி வைத்தவன் பேனாவும் நிற்காது. அந்த இடத்தில் அவன் கோப்பையையும் பார்த்திருக்கிறான், ஈ1 கட்டத்தையும் பார்த்திருக்கிறான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் தவறே இல்லையா? இருக்கிறது. 14-ல் இல்லை, 3-ல் இருக்கிறது. ஜெயித்தே ஆகவேண்டிய நாளில், கருப்புக் காயோடு, டிரா போதும் என்று உட்கார்ந்திருப்பவன் முன்னால் பெர்லினை எடுத்து வைத்தால், "வா, அரை அரையாகப் பங்கு போட்டுக்கொள்வோம்" என்று நாமே பாய் விரித்த மாதிரி. அன்றைக்கு அவன் ராஜா சிப்பாயை விட்டுவிட்டு சி5 என்று சிசிலியன் ஆடியிருக்க வேண்டும். முதல் நகர்த்தலிலேயே இரு பக்கமும் வேறு வேறு வடிவம் எடுத்துவிடும். தோற்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் கோப்பைக்கு வழி அந்தப் பக்கம்தான். 12 வயதில் ஒரு பையனிடம் ஒரே ஒரு தடுப்பாட்டம் இருந்தால் அது அவன் தவறல்ல. சொல்லிக்கொடுப்பவர் இரண்டாவது ஒன்றைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

என் கதை ஒன்று. எனக்கு 15 வயது. அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றுக்கு என்னைப் பேருந்தில் அழைத்துப் போனார். ஒரு ஆட்டத்தில் எனக்கு இரண்டு சிப்பாய் கூடுதல். எதிரே பெரிய டவுன் பள்ளிப் பெண், காலணி பளபளக்கிறது, இங்கிலீஷ் தண்ணீராய் ஓடுகிறது. "டிரா?" என்றாள். தலையை ஆட்டிவிட்டேன். எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் காலணிக்குத்தான் என்று நினைக்கிறேன். அப்பா பேருந்தில் வழக்கம்போல ரப்பர் விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இரவு சாப்பிட்டதும் பலகையை எடுத்து அதே நிலையை அடுக்கினார். "நீ உன் பக்கம். நான் அந்தப் பிள்ளை பக்கம்." ஏழு இரவு அடுக்கினார். ஏழு இரவும் நான் ஜெயித்தேன். எட்டாவது இரவு அடுக்கவில்லை.

உங்களுக்கு ஆடத் தெரியாவிட்டால் நல்லதாகப் போயிற்று. மகனையே காய் அடுக்கச் சொல்லுங்கள். 12-ஆவது நகர்த்தலில் நிறுத்தி, "ராணியை ஏன் திருப்பிக் கொண்டுபோனாய்?" என்று மட்டும் கேளுங்கள். "யானை ஈ1-க்கு வந்துடும்ப்பா" என்றால் அந்த அரைப் புள்ளி அவன் உழைத்துச் சம்பாதித்தது. காரில் பேசாமல் வந்ததற்கு அவனுக்கு நீங்கள் ஒரு ரொட்டி சானாய் கடன். "கோச் அப்படித்தான் ஆடச் சொன்னார்" என்று பதில் வந்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் யானை என்றால் என் மலாய் நண்பன் வேறு காயைப் பார்க்கிறான். மந்திரி என்றால் ராணியைத் தொடுகிறான். யார் சொல்வது சரி?
(ஒரு மாணவர், பட்டர்வொர்த்)

பதில்: தம்பி, பழைய கணக்குப்படி அவன் சொல்வதில் நியாயம் அதிகம். மலாயில் காஜா, அதாவது யானை, குறுக்காகப் போகும் காய். நாம் அதைத்தான் மந்திரி என்கிறோம். அவர்களுக்கு மெந்திரி என்றால் நம்முடைய ராணி. மூலையில் நிற்பதை நாம் யானை என்போம், அவர்கள் திர் என்பார்கள். திர் வேறொன்றுமில்லை, நம்முடைய தேர்தான். பழைய சதுரங்கத்தில் மூலையில் தேர் நின்றது, யானை உள்ளே நின்றது, ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி நின்றார். ராணி பிற்பாடு ஐரோப்பாவில் வந்து சேர்ந்தவள். நம் சொல்லை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், நாம்தான் தேரைத் தொலைத்துவிட்டு யானையை மூலைக்குத் தள்ளினோம். குதிரைக்கு மட்டும் சண்டை இல்லை. குடா என்றாலும் குதிரைதான்.

ஒரு எச்சரிக்கை. மலாயில் டிராவுக்கு 'செரி'. நம் காதுக்கு 'சரி' என்றே கேட்கும். பல வருடம் முன்பு என் மாணவி ஒருத்தி, எதிரே இருந்த பெண் "செரி?" என்றதும் ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று, "சரி, சரி" என்றாள். அந்தப் பெண் கை நீட்டிவிட்டாள். நடுவர் வந்து விசாரித்தார். என் மாணவி ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

கேள்வி: உலகப் பட்டப் போட்டிகளில் அதிகமாக டிரா ஆனது எது? நீங்கள் நேரில் பார்த்தது உண்டா?
(கல்லூரி மாணவி, கிள்ளான்)

பதில்: எண்ணிக்கையில் கார்ப்போவும் காஸ்பரோவும் 1984-ல் மாஸ்கோவில் தொடங்கியதுதான். 6 ஆட்டம் ஜெயிக்கிறவருக்குப் பட்டம் என்றார்கள். 48 ஆட்டம், 40 டிரா, கார்ப்போவ் 5 வெற்றி, காஸ்பரோவ் 3. 1985 பிப்ரவரியில் முடிவே இல்லாமல் நிறுத்தினார்கள். அதற்கு முன் 1927-ல் புவெனஸ் ஐரஸில் அலெக்கைனும் கப்பபிளாங்காவும் 34 ஆட்டம், 25 டிரா. அதில் 32 ஆட்டம் ஒரே தொடக்கம், ராணிப் பக்கச் சிப்பாயைக் கொடுப்பதாகக் காட்டி ஆடும் குவீன்ஸ் கேம்பிட்டை மறுக்கும் ஆட்டம். பார்வையாளர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ! விகிதத்தில் பார்த்தால் 2018-ல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும். 12-க்கு 12 டிரா. உலகப் பட்ட வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பிறகு வேக ஆட்டத்தில் கார்ல்சன் 3-0.

நேரில் பார்த்ததா? 1990 மார்ச்சில் நம்ம கோலாலம்பூரிலேயே, காஸ்பரோவை எதிர்க்கப் போவது யார் என்று முடிவு செய்யும் போட்டி நடந்தது. கார்ப்போவும் ஹாலந்தின் யான் திம்மானும். நான் அப்போது ஆசிரியை. ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு போனேன். இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, சொல்லலாம். 9 ஆட்டத்தில் கார்ப்போவ் 4 ஜெயித்தார், 5 டிரா, ஆறரைக்கு இரண்டரை. நான் போன நாள் டிரா ஆன நாள்.

ஏமாற்றமா என்றால், இல்லை. திம்மான் உயரமான மனிதர், நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டு யோசிப்பார். கார்ப்போவ் சின்ன உருவம், ஒரு நகர்த்தல் ஆடியதும் எழுந்து நடப்பார், திரும்பி வந்து பலகையைப் பார்க்கும்போது மளிகைக் கடையில் கணக்குச் சரிபார்க்கிற முதலாளி மாதிரி இருக்கும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் கையடக்கப் பலகையில் அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டே வந்தார். டிரா என்று அறிவித்ததும் அவர் என் பக்கம் பலகையைத் திருப்பி, கைஜாடையில் "நீ வெள்ளை, நான் கருப்பு" என்றார். காவலர் வந்து விளக்கை அணைக்கும்வரை ஆடினோம். அவர் ஜெயித்தார். மறுநாள் பள்ளியில் தலைமையாசிரியர், "காய்ச்சல் தேவலையா?" என்று கேட்டார். தேவலை என்றேன்.

கேள்வி: என் மகள் ஆட்டத்தின் நடுவில் நான்கைந்து முறை 'டிரா' கேட்டதற்கு நடுவர் எச்சரித்தாராம். டிரா கேட்பது உரிமை இல்லையா? மூன்று முறை ஒரே நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
(ஒரு தாய், காஜாங்)

பதில்: அம்மா, கேட்பது உரிமை, நச்சரிப்பது குற்றம். எதிரே இருப்பவர் வேண்டாம் என்ற பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தால் அது யோசனையைக் கெடுப்பது. நடுவர் செய்தது சரி.

கேட்கும் முறை இப்படி: முதலில் நகர்த்த வேண்டும். அப்புறம் டிரா கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். தாளில் சமக்குறி ஒன்றை அடைப்புக்குள் போட வேண்டும். கேட்ட பிறகு வாபஸ் கிடையாது. எதிரி வாயால் மறுக்கலாம், அல்லது நகர்த்த ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாகக் கணக்கு.

மூன்று முறைக்கு வேறு வழி. நம் நகர்த்தலால் மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், அதைப் பலகையில் ஆடவே கூடாது. தாளில் மட்டும் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆர்வத்தில் காயைத் தொட்டுவிட்டுக் கையைத் தூக்குவார்கள். தொட்டால் அந்த முறைக்கு உரிமை போச்சு. எதிரியின் நகர்த்தலால் ஏற்கெனவே மூன்றாம் முறை வந்துவிட்டால், எதையும் தொடாமல் உடனே நடுவரைக் கூப்பிடலாம். காய்கள் ஒரே இடத்தில் நின்றால் போதாது, நகர்த்த வேண்டியவரும் அதே ஆளாக இருக்க வேண்டும், காஸ்லிங் உரிமையும் மாறாமல் இருக்க வேண்டும். தவறாகக் கேட்டால் எதிரிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கேட்கவே தேவையில்லை, நடுவரே ஆட்டத்தை முடித்துவிடுவார்.

கேள்வி: என் பேரனுக்கு 8 வயது. பெர்லின் சொல்லித் தரலாமா?
(ஒரு தாத்தா, ரவாங்)

பதில்: வேண்டாம் ஐயா. 8 வயதில் ராணி இல்லாத ஆட்டம் உப்பில்லாத கஞ்சி. மந்திரியைச் சி4-ல் வைக்கும் இத்தாலிய ஆட்டம் ஆடட்டும், அடி வாங்கட்டும், அடி கொடுக்கட்டும். அவனை எதிர்த்து யாராவது பெர்லின் ஆடினால் நான்காவது நகர்த்தலில் டி3 என்று சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஈ4-ஐக் காத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் ஒரு குழி மட்டும் உண்டு. கருப்பு தன் சி6 குதிரையை ஈ7-க்கு இழுத்துக்கொண்டு ஈ5 சிப்பாயைச் சும்மா விட்டுவைக்கும். இலவசம் என்று குதிரையால் வெட்டினால், கருப்பு சி6 என்று சிப்பாயைத் தள்ளி மந்திரியை விரட்டும். மந்திரி விலகினதும் கருப்பு ராணி ஏ5-ல் செக் சொல்லும், அதே அடியில் ஈ5 குதிரையும் போய்விடும். மார்ட்டிமர் பொறி என்று பெயர். ஒரு தடவை விழுந்தால் போதும், இரண்டாம் தடவை விழுந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆகவே முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: டீச்சர், நீங்கள் கடைசியாக எப்போது டிரா ஆடினீர்கள்?
(ஒரு வாசகி, செராஸ்)

பதில்: போன ஞாயிற்றுக்கிழமை, என் பேத்தியோடு. அவளுக்கு 7 வயது. என்னிடம் ராஜா மட்டும் பாக்கி. அவளிடம் ராணி, போதாதென்று ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டம்வரை ஓட்டி இன்னொரு ராணி. இரண்டாவது ராணிக்குக் காய் இல்லாததால் தைல பாட்டில் மூடிதான் ராணி. அதைச் செல்லமாக என் ராஜாவுக்குக் கொஞ்சம் நெருக்கத்தில் வைத்தாள். "பாட்டி, நகர்த்து" என்றாள். எங்கே நகர்த்துவது? செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அரை அரை. அழுதாள். அவள் அம்மா சமையலறையிலிருந்து, "விட்டுக் கொடுத்தால் என்னம்மா?" என்றாள். அரைப் புள்ளியை நான் விட்டுக் கொடுக்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், அது வேறு கணக்கு. வீட்டுக்கு வந்ததும் பேத்தி மூடியை அதே இடத்தில் வைத்து, "இங்க வெச்சா டிரா. இங்க வெச்சா?" என்று ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

அங்கே வைத்தால் நான் காலி. அதைச் சொல்லாமல், இரவு உணவுக்கு அழைத்துப் போனேன்.